செத்தவர்களுக்குச் சம்பளம் உண்டா?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமையன்று மதகடிப்பட்டுக்குப் போயிருந்தேன். புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகும் பெரிய சாலையில், வில்லியனூரைக் கடந்து, திருவாண்டார்கோயிலையும் கடந்தால் வருகிற ஊர் அது. சோழர் காலத்துக் குண்டாங்குழி மகாதேவர் கோயில் அந்த ஊருக்கு ஒரு பெருமை. செவ்வாய்தோறும் கூடுகிற மாட்டுச் சந்தை இன்னொரு பெருமை. எனக்கு மட்டும் மூன்றாவதாக ஒரு பெருமை உண்டு. என் பெரியம்மாவின் வீடு அங்கேதான் இருக்கிறது.

சந்தைக் கூட்டத்தில் பஸ் ஊர்ந்து ஊர்ந்து வந்து என்னை இறக்கிவிட்டபோது பகல் பன்னிரண்டு மணி. வெயிலுக்குப் பயந்து வேகமாக வீட்டுக்குள் நுழைந்தேன். கூடத்தில் ஒரு விசித்திரக் காட்சி! பெரியம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முந்தானைக்கு வெளியே ஒரு கண் மட்டும் எட்டிப் பார்த்தது. பக்கத்தில் என் அண்ணன் மகள். இஞ்சினீயரிங் படிக்கிற பெண். இருவருக்கும் எதிரே தண்ணீர்ச் சொம்பின்மேல் செல்போன் சாய்ந்து நின்றது. அதன் திரையில், ஒன்றல்ல, இரண்டல்ல, கூட்டம் கூட்டமாகப் பிணங்கள் நடந்து வந்துகொண்டிருந்தன!

"வா கண்ணு, வா! இன்னாடி அநியாயம் இது! செத்துப் பூட்டவங்கல்லாம் எழுந்து வராங்க. கொளுத்தறதுக்கு ஆள் இல்லியா அந்த ஊர்ல?" என்றாள் பெரியம்மா.

"ஆயா, அது ஜாம்பி" என்று திருத்தினாள் பேத்தி.

"ஜாம்பியோ, ஜம்பமோ! அந்தக் கட்டம் போட்ட சட்டைக்காரனுக்குக் காலு ஒடிஞ்சு தொங்குது. அதோட நடந்து வரான் பாரு!"

பெரியம்மா பயந்தாங்கொள்ளி அல்ல. திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவள். படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் கைகால் பரப்பிக் கிடப்பதையும், ராத்திரி முழுதும் கர்ஜனை செய்த துரியோதன வேஷக்காரர் விடிந்ததும் அரிதாரத்தைக் கழுவிவிட்டு டீக்கடை வாசலில் நிற்பதையும் பார்த்தவள். வேஷம் எது, நிஜம் எது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். அதனால்தான் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முந்தானையை விலக்கிக்கொண்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"அது சரி கண்ணு. அங்க பொணமா வராங்களே, அவங்களுக்கு இன்னா கூலி குடுப்பாங்க? வேளைக்குச் சோறு போடுவாங்களா?"

பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பத்திரிகைத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ சினிமாக்காரர்களிடம் எத்தனையோ கேள்விகள் கேட்டிருக்கிறேன். இந்தக் கேள்வியை ஒருநாளும் கேட்டதில்லையே என்று வெட்கமாக இருந்தது.

பேசும் பிணங்கள்

அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது 'தி வாக்கிங் டெட்' என்கிற அமெரிக்கத் தொடர். 'நடக்கும் பிணங்கள்' என்று வைத்துக்கொள்ளுங்கள். ராபர்ட் கிர்க்மன் எழுதிய படக்கதையை ஃப்ராங்க் டாரபாண்ட் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தார். 2010 அக்டோபர் 31-ஆம் தேதி தொடங்கிய கதை 2022 நவம்பர் 20-ஆம் தேதிதான் முடிந்தது. மொத்தம் 177 பகுதிகள்! நம் வீட்டு மெகா சீரியல்களுக்கு இது கால் தூசு என்று நீங்கள் சொல்லலாம். ஆனாலும், பிணங்களை வைத்துக்கொண்டு பன்னிரண்டு வருஷம் ஓட்டுவது லேசான காரியமா?

தொடரை விட எனக்குச் சுவாரஸ்யமாகப் பட்டது அதற்குப் பின்னால் வந்த பேச்சுதான். 2011-இல் ஒரு புதிய ஏற்பாடு செய்தார்கள். அன்றைய பகுதி முடிந்ததும், நடித்தவர்களும் எழுதியவர்களும் சோபாவில் வந்து உட்கார்ந்து, அதை எப்படி எடுத்தோம் என்று பேசுவார்கள். அந்த நிகழ்ச்சிக்குப் பெயர் 'டாக்கிங் டெட்'. அதாவது, பேசும் பிணங்கள்! அன்று கதையில் உயிரை விட்ட நடிகரே சற்று நேரத்தில் சிரித்த முகத்துடன் வந்து உட்காருவதும் உண்டு. யார் விருந்தினராக வரப்போகிறார் என்பதை ரகசியமாக வைத்தால், "ஐயோ, இன்றைக்கு யாரோ போய்விடப் போகிறார்கள்!" என்று ரசிகர்கள் வயிற்றில் புளி கரைக்கத் தொடங்கிவிடும். அன்று கதையில் இறந்த மனிதர்களுக்கும், இரண்டாம் முறை இறந்த பிணங்களுக்கும் சேர்த்தே அஞ்சலி செலுத்துவார்கள்.

வேடிக்கைக்கு நடுவில் ஒரு வேதனையும் வெளிப்படும். பாத்திரம் செத்தால் நடிகருக்கு வேலை போயிற்று. தலைமைக் கதாசிரியரிடமிருந்து டெலிபோன் வந்தாலே நடிகர்களுக்குத் திக்கென்று இருக்குமாம். ஒருவருடைய பாத்திரம் சாகப்போகிறது என்று தெரிந்துவிட்டால், மற்ற நடிகர்கள் அவரை அழைத்துப் போய்ச் சேர்ந்து சாப்பிடுவார்கள். 'சாவு விருந்து' என்றே அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

நம் ஊர் சீரியல்களில் என்ன நடக்கிறது? நேற்றுவரை வில்லியாக வந்து நம்மைப் பல்லைக் கடிக்க வைத்த அம்மாள் இன்று சுவரில் மாலையோடு தொங்குகிறாள். அல்லது, 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு வரி ஓடுகிறது. அந்த அம்மாளை யாராவது கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு வாய் சோறு போட்டார்களா என்பது நமக்குத் தெரிவதே இல்லை.

இன்னொரு விஷயம் கேளுங்கள். அந்தத் தொடரில் நடக்கும் பிணங்களை 'ஜாம்பி' என்று அழைப்பதே கிடையாது. 'வாக்கர்', அதாவது 'நடப்பவர்' என்றுதான் சொல்கிறார்கள். ஜாம்பிப் படம் என்று ஒன்று பிறக்கவே இல்லாத உலகத்தில் நடக்கிற கதையாம் இது. அந்தச் சொல்லே அவர்களுக்குத் தெரியாதாம். நல்ல யுக்திதான்!

பிணத்துக்கும் பள்ளிக்கூடம்

இனிப் பெரியம்மாவின் கேள்விக்கு வருவோம். பிணமாக வருகிறவர்கள் யார்?

தொடரின் பெரும்பகுதியை அமெரிக்காவின் தெற்கே ஜார்ஜியா மாகாணத்தில் எடுத்தார்கள். முக்கியமான இடம் செனோயா என்கிற சின்ன ஊர். மதகடிப்பட்டைப் போலச் சில ஆயிரம் பேர் வாழ்கிற ஊர்தான். மதகடிப்பட்டுக்கு மாடு பார்க்க வருகிறார்கள். செனோயாவுக்குப் பிணம் வந்த தெருவைப் பார்க்க வருகிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

பிணங்களில் பெரும்பாலோர் நாள் சம்பளத்துக்கு வந்த துணை நடிகர்கள். அவர்களைச் சேர்ப்பதற்கு ஒரு பள்ளிக்கூடமே நடத்தினார்கள். அதன் ஹெட்மாஸ்டர் ஒப்பனைக் கலைஞர் கிரெக் நிக்கோடெரோ. பிறகு அந்தத் தொடரின் பல பகுதிகளை டைரக்ட் செய்தவரும் அவரே. ஒவ்வொருவராக நடக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். பழைய பேய்ப் படங்களில் வருவதுபோல் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு மதிப்பெண் கிடையாது. மிகையாகச் செய்யாமல், உடம்பில் உயிர் இருப்பதையே மறந்தவர்போல் நடந்தால் பாஸ்! ஒல்லியான ஆசாமிகளுக்குத்தான் முதலிடம். ஏனென்றால், ஒப்பனை என்பது முகத்தின்மேல் பூசிப் பூசிச் சேர்ப்பது. கொழுகொழு கன்னத்தின்மேல் இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பிணம் எங்கே தெரியும், பலகாரக் கடைக்காரர் அல்லவா தெரிவார்!

பிணங்களுக்குள்ளும் ஜாதி உண்டு. காமிரா கிட்டே வரும்போது முன்வரிசையில் நிற்பவருக்கு ஒன்றரை மணி நேர ஒப்பனை. கண்ணுக்குச் சாயம் தீட்டிய வில்லை, பல்லுக்குக் கறை எல்லாம் உண்டு. நடுவரிசைக்கு அரைகுறை ஒப்பனை. கடைசி வரிசைக்கு வெறும் முகமூடி. ஜார்ஜியாவின் கோடை வெயிலில் இந்த வேஷத்தோடு நிற்க வேண்டும். கந்தல் உடை, முகத்தில் ரப்பர், அதன்மேல் பசை. வியர்வை வெளியே வரக்கூட வழி இல்லை. கல்யாண வீட்டில் பட்டுப்புடவையும் ஒட்டியாணமும் அணிந்து ஹோமப் புகையில் உட்கார்ந்த அனுபவம் உங்களுக்கு இருக்குமானால், அதைப் பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

படம் முடிந்ததும் பெயர்கள் ஓடுகின்றனவே, அதில் இவர்கள் பெயரைத் தேடினால் பொதுவாகக் கிடைக்காது.

பொய்ச் சாவு விளையாட்டுக்கு நடுவே நிஜச் சாவும் ஒருநாள் வந்தது. 2017 ஜூலையில் அந்தத் தொடருக்காக உயரத்திலிருந்து கீழே விழும் காட்சியில் ஈடுபட்டிருந்த சண்டைக் கலைஞர் ஒருவர், இருபது அடிக்கு மேலிருந்து தவறி விழுந்தார். பிழைக்கவில்லை. வயது 33. படப்பிடிப்பை நிறுத்தினார்கள். பின்னர் மீண்டும் தொடங்கினார்கள். விஷயம் கோர்ட்டுக்கும் போயிற்று. நூற்றுக்கணக்கான பிணங்கள் எழுந்து நடந்த இடத்தில் ஒரே ஒரு மனிதர் எழுந்திருக்கவில்லை.

இதைச் சொன்னபோது பெரியம்மா செல்போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டாள். சற்று நேரம் யாரும் பேசவில்லை.

சமையலறையில் செய்த ரத்தம்

நிக்கோடெரோவுக்குக் குருபரம்பரை ஒன்று உண்டு. அவர் தொழில் கற்றது டாம் சாவினி என்பவரிடம். சாவினி வியட்நாம் போரில் ராணுவப் புகைப்படக்காரராக இருந்தவர். அங்கே காமிராவின் வழியாகப் பார்த்த உடல்களைத்தான் பின்னாளில் ரப்பரிலும் சாயத்திலும் செய்து காட்டினார். அந்த இருவரையும் வேலைக்கு வைத்துப் படம் எடுத்த டைரக்டர் ஜார்ஜ் ரோமெரோ. இன்று உலகம் முழுதும் நடக்கிற பிணங்களுக்கெல்லாம் அவரே பிதாமகர்.

1968-இல் வந்த அவருடைய 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' சுமார் 1,14,000 டாலரில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். நண்பர்கள் கூடிப் பணம் போட்டார்கள். பணம் போட்டவர்களே நடித்தார்கள். நடித்தவர்களே ஒப்பனையும் செய்தார்கள். கணவன் மனைவியாக வரும் இருவர்தாம் மற்றவர்களுக்குச் சாயம் பூசியது. அவர்கள் மகளாக வரும் சிறுமி, அந்த நடிகரின் சொந்த மகள். கறுப்பு வெள்ளைப் படம் ஆகையால் ரத்தத்துக்குச் சாக்லேட் பாகு போதுமானதாக இருந்தது. பங்குதாரர்களில் ஒருவர் இறைச்சிக் கடைக்காரர். பிணங்கள் சாப்பிடுவதற்கு வேண்டியதை அவர் கடையிலிருந்து கொண்டுவந்தார்! நம் வீடுகளில் கொலுவுக்குச் சாமான் சேர்ப்பதுபோல் சேர்த்திருக்கிறார்கள், பாருங்கள்.

ஆனால், கதையின் முடிவு வேடிக்கையல்ல. டுவேன் ஜோன்ஸ் என்ற கறுப்பின நடிகர்தான் கதாநாயகர். ராத்திரி முழுதும் பிணங்களோடு போராடித் தப்புகிறவரை, விடிந்ததும் துப்பாக்கியோடு வருகிற மனிதர்கள் பிணம் என்று நினைத்துச் சுட்டுவிடுகிறார்கள். முடிந்த படச்சுருளைக் காரில் வைத்துக்கொண்டு நியூயார்க் போகும்போது, மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டுவிட்ட செய்தியை ரேடியோவில் கேட்டதாக ரோமெரோ பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதன்பிறகு அந்த முடிவை வெறும் பேய்க்கதை என்று யாரால் பார்க்க முடியும்?

பணம்? அதையும் கேளுங்கள். படத்துக்கு முதலில் வேறு பெயர் வைத்திருந்தார்கள். கடைசி நேரத்தில் பெயரை மாற்றியபோது, பழைய தலைப்போடு இருந்த காப்புரிமை வரியும் போய்விட்டது. புதிய தலைப்போடு அதைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்த ஒரு வரி இல்லாததால் படம் பொதுச் சொத்தாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் போட்டுக் காட்டலாம், எடுத்தவர்களுக்குக் காலணா தரவேண்டியதில்லை! உலகமெல்லாம் ஓடிய படத்திலிருந்து அவர்களுக்குச் சேரவேண்டிய பணத்தில் பெரும்பகுதி வராமலே போயிற்று.

"அப்போ, செத்தவங்களுக்கும் கூலி இல்ல, எடுத்தவங்களுக்கும் கூலி இல்லன்னு சொல்லு" என்றாள் பெரியம்மா.

பசி எடுத்த பிணங்கள்

அண்ணன் மகளுக்கு அமெரிக்கப் பிணங்களைவிடக் கொரியாப் பிணங்கள்மேல்தான் பிரியம் அதிகம். 2019 ஜனவரியில் நெட்ஃப்ளிக்ஸில் வந்த 'கிங்டம்' தொடரை மூன்று தடவை பார்த்துவிட்டாளாம். எழுதியவர் கிம் உன்-ஹீ என்ற பெண்மணி. முதல் ஆறு பகுதிகளையும் டைரக்ட் செய்தவர் கிம் சாங்-ஹூன். இளவரசராக ஜு ஜி-ஹூனும், வைத்தியப் பெண்ணாக பே டூனாவும் நடித்தார்கள்.

கொரியாவை ஜோசன் வம்சத்து அரசர்கள் ஆண்ட காலத்துக் கதை. அந்தக் காலத்து அரண்மனைக் குறிப்புகளில், இன்னதென்று தெரியாத நோயால் ஆயிரக்கணக்கில் ஜனங்கள் மாண்டதாக ஒரு செய்தியைப் படித்தபோதுதான் தமக்கு இந்தக் கற்பனை உதித்ததாக அந்த அம்மாள் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பயமுறுத்துவது அவருடைய நோக்கமல்ல. பசியைக் காட்டுவதுதான் நோக்கம். எல்லா ஆசைகளும் போய்ப் பசி ஒன்றே மிஞ்சிய ஜீவன் ஜாம்பி என்பது அவருடைய கருத்து.

முதல் பகுதியிலேயே வருகிற காட்சி ஒன்று எனக்கு இன்னும் மனத்தைவிட்டு அகலவில்லை. பஞ்ச காலம். மருத்துவசாலையில் ஏழை நோயாளிகள் கஞ்சிக்கு வழியின்றிக் கிடக்கிறார்கள். ஒருநாள் பெரிய கொப்பரையில் மாமிசச் சாறு கொதிக்கிறது. மான் கறி என்று சொல்லிப் பரிமாறுகிறான் ஒருவன். எத்தனையோ நாள் கழித்து வயிறு நிறையச் சாப்பிடுகிற சந்தோஷம் அந்த முகங்களில்! ஆனால், அது மான் கறி அல்ல. அரண்மனையிலிருந்து சவமாகத் திரும்பி வந்த ஒரு பையனின் உடல். அன்றிரவே அந்த ஏழைகள் பிணமாகி, பிணமாகவே எழுகிறார்கள். அதே நாட்டின் அரண்மனையில் என்ன நடக்கிறது? செத்துப்போன அரசரை மூலிகையால் எழுப்பி, அதிகாரம் கைநழுவாமல் இருப்பதற்காகக் கட்டி வைத்திருக்கிறார் மந்திரி!

மேலே இருப்பவரின் பேராசை, கீழே இருப்பவரின் பசி. இரண்டுக்கும் நடுவில்தான் பிணம் எழுந்திருக்கிறது.

நம்மவர்களும் இந்தத் துறையில் கை வைக்காமல் இல்லை. 2016 பிப்ரவரியில் சக்தி சௌந்தர் ராஜன் டைரக்ஷனில் வந்த 'மிருதன்', தமிழின் முதல் ஜாம்பிப் படம். ஊட்டியில் போக்குவரத்துப் போலீஸ்காரராக ஜெயம் ரவி நடித்தார். மிருகத்தையும் மனிதனையும் சேர்த்து 'மிருதன்' என்று ஒரு புதுச் சொல்லே செய்துவிட்டார்கள். 2020 மே மாதம் ஹிந்தியில் 'பேத்தால்' என்று நான்கு பகுதித் தொடர் வந்தது. நம் விக்கிரமாதித்தனின் வேதாளம்தான் அந்தப் பேத்தால். சாலை போடுவதற்காக மலைவாசிகளை ஊரைவிட்டுத் துரத்துகிறார்கள். மூடிய சுரங்கத்தைத் திறந்தால், உள்ளேயிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் சிவப்புக் கோட்டுச் சிப்பாய்கள் பிணமாக வருகிறார்கள்! 1760-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் வில்லியனூர்க் கோட்டைக்காகச் சண்டையிட்ட பூமியிலிருந்து அதைப் பார்க்கும்போது, "இங்கே எத்தனை பேர் கிடக்கிறார்களோ!" என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்கிறது.

கரும்புத் தோட்டத்து நடை

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் அண்ணன் மகள் எங்களுக்கு ஜாம்பிப் பள்ளிக்கூடம் நடத்திக் காட்டினாள். தலையை ஒரு பக்கம் சாய்த்து, தோளைத் தொங்கவிட்டு, ஒரு காலை இழுத்து இழுத்துத் தாழ்வாரத்தில் நடந்தாள். நான் கைதட்டினேன். பெரியம்மா மட்டும் உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது இன்னாடி பெரிய வித்தை? கரும்பு வெட்டிட்டு நாங்க வீட்டுக்கு வர்ற நடைதான் இது. காலைல போனா பொழுது சாய்ஞ்சுதான் வருவோம். கையி, காலு, முதுவு ஒண்ணும் நம்மளது இல்ல. எதுக்க ஆளு வந்தாக்கூடக் கண்ணு தெரியாது. உங்க பெரியப்பா பாத்துட்டு, 'பொணம் மாதிரி வரா'ம்பாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன் தெரியுமா? ஜாம்பி பிறந்ததே கரும்புத் தோட்டத்தில்தான்!

கடல் கடந்து, கரிபியன் கடலில் ஹெய்டி என்று ஒரு நாடு. புதுச்சேரியில் பறந்த அதே பிரெஞ்சுக் கொடிதான் அங்கேயும் பறந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து லட்சக்கணக்கான மக்களை அடிமைகளாகக் கொண்டுபோய்க் கரும்புத் தோட்டங்களில் வாட்டினார்கள். 1791-இல் அவர்கள் பொங்கி எழுந்தார்கள். 1804-இல் சுதந்திரம் பெற்றார்கள். ஆனால், ஒரு பயம் மட்டும் கதையாக நின்றுவிட்டது. அடிமைக்குச் சாவுதான் விடுதலை. செத்த பிறகும் எழுப்பி வேலை வாங்கினால்? அந்தப் பயத்துக்குப் பெயர்தான் ஜாம்பி. அங்கே ஜாம்பி யாரையும் கடிப்பதில்லை. வேலை செய்கிறது, அவ்வளவுதான். 1932-இல் வந்த 'ஒயிட் ஜாம்பி' என்ற படத்தில் ஒரு சர்க்கரை ஆலை வருகிறது. வேலை செய்துகொண்டிருக்கும் பிணங்களில் ஒன்று எந்திரத்துக்குள் தவறி விழுகிறது. மற்றவை திரும்பிக்கூடப் பார்க்காமல் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன.

இது எங்கோ நடந்த கதை என்று நினைக்காதீர்கள். 1848-இல் பிரெஞ்சு அரசு அடிமை முறையை ஒழித்தது. பக்கத்துத் தீவுகளான மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே! புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் நம்மவர்களை ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் கப்பலேற்றினார்கள். முதல் கப்பல் 1853-இல் மார்த்தினிக் போய்ச் சேர்ந்தது. அடுத்த முப்பது முப்பத்தைந்து வருஷங்களில் இந்தியாவிலிருந்து மார்த்தினிக்குக்கு ஏறத்தாழ 25,000 பேரும், குவாதலூப்புக்கு 42,000 பேரும் போனார்கள். பலர் திரும்பவே இல்லை. அவர்கள் கொண்டுபோன மாரியம்மன் அங்கே 'மாலியேமின்' ஆனாள். மதுரை வீரன் 'மால்தெவிதான்' ஆனான்.

அந்தச் சீமையைப் பற்றி வில்லியம் சீப்ரூக் என்ற அமெரிக்கர் 1929-இல் ஒரு புத்தகம் எழுதினார். ஹெய்டியில் தாம் கேட்ட கதை ஒன்றை அதில் சொல்கிறார். அதைத்தான் அன்று மாலை பெரியம்மாவிடம் சொன்னேன்.

1918-ஆம் வருஷம். கரும்பு அமோக விளைச்சல். சர்க்கரைக் கம்பெனிக்கு ஆள் பற்றவில்லை. ஒரு மேஸ்திரி, பேச்சு மூச்சில்லாத ஆட்களை வரிசையாக அழைத்து வந்தான். எல்லாம் கல்லறையிலிருந்து எழுப்பிய பிணங்கள். பகல் முழுதும் கரும்பு வெட்டினார்கள். வாரக் கடைசியில் அத்தனை பேர் கூலியையும் மேஸ்திரி வாங்கி மடியில் கட்டிக்கொண்டான்.

"எந்த ஊர் மேஸ்திரியா இருந்தா இன்னா!" என்றாள் பெரியம்மா.

அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டவள் மேஸ்திரியின் மனைவி. உப்பில்லாத சோறு. உப்பைத் தின்றால் பிணத்துக்குத் தன் நினைவு வந்துவிடுமாம். ஒரு திருவிழா நாள் வந்தது. ஊரே கொண்டாடும்போது இவர்கள் இப்படிக் கிடக்கிறார்களே என்று அந்தப் பெண்ணுக்கு மனம் கேட்கவில்லை. கடைத்தெருவுக்கு அழைத்துப் போனாள். நம் கடலை மிட்டாய் போல ஒரு பண்டத்தை வாங்கி ஒவ்வொருவர் வாயிலும் போட்டாள். அதிலிருந்த கடலையில் உப்பு இருந்தது அவளுக்குத் தெரியாது. நாக்கில் உப்புப் பட்டதும் அத்தனை பேரும் திடுக்கிட்டு விழித்தார்கள். தாங்கள் யார் என்று தெரிந்துகொண்டார்கள். ஒரே குரலாக அலறிக்கொண்டு, யார் தடுத்தும் நிற்காமல், சொந்த ஊர் மயானத்தை நோக்கி நடந்தார்கள். அங்கே மண்ணைப் பறித்துக்கொண்டு படுத்து ஓய்ந்தார்கள்.

கதை முடிந்தது. பெரியம்மா வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே சந்தை கலைந்து, விற்காத மாடுகளை ஓட்டிக்கொண்டு ஆட்கள் திரும்பிப் போகும் சத்தம் கேட்டது.

"நம்ம ஊர்ல திட்டறதில்ல? 'சோத்துல உப்புப் போட்டுத்தான் தின்றியா'ன்னு. உப்புத் தின்னா ரோசம் வரும், ரோசம் வந்தா நாம ஆருன்னு தெரியும். அந்தச் சீமைக்காரிக்கும் இது தெரிஞ்சிருக்குது பாரேன்" என்றாள் கடைசியில்.

நான் புறப்படும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. அண்ணன் மகள் செல்போனை மறுபடி நிமிர்த்தினாள். பெரியம்மாவும் வந்து உட்கார்ந்தாள். இந்தத் தடவை முந்தானையால் முகத்தை மூடவில்லை.

"முன்னால வர்றவனை வுடு. பின்னாலேயே வரானே கடைசியா, ஒல்லியா, அவனை நிறுத்திக் காட்டு. ஆரு பெத்த புள்ளயோ, பாப்போம்" என்று பேத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பெரியம்மா என் பையில் திணித்த பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தேன். அவித்த மல்லாட்டை. உப்புச் சற்றுத் தூக்கலாகவே போட்டிருந்தாள்.